பணம் போகும் வழியில் ஆர்டரும் போகட்டும்



நமது கடைகளுக்கு இன்று ஆர்டர் எத்தனை வழிகளில் வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். டெலிபோன் ஒன்று. வாட்ஸ்அப் ஒன்று, அதிலும் சிலர் எழுதுகிறார்கள், சிலர் பேசி அனுப்புகிறார்கள், சிலர் சிட்டையைப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். ஆஸ்டல், ஓட்டல், ஆஸ்பத்திரி கேன்டீன் போன்ற பெரிய பார்ட்டிகள் ஈ-மெயிலில் அனுப்புகிறார்கள். பிஸ்கட், சோப்பு, எண்ணெய்க் கம்பெனிகளோ ஆளுக்கொரு ஆப் கொடுத்து, அதில்தான் ஆர்டர் போட வேண்டும் என்கின்றன. ஒன்றில் போட்டது மற்றொன்றில் தெரியாது. இவற்றுக்கெல்லாம் நடுவே நின்றுகொண்டு, ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் எழுதுகிறவர் நமது கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் சொன்னால், அவர்தான் நமது ‘கேட்வே’.

கேட்வே என்றால் வாயில். இரண்டு வெவ்வேறு முறைகளில் இயங்கும் செய்திப் போக்குவரத்துகளுக்கு நடுவே இருந்து, இந்தப் பக்கத்துக் கடிதத்தை அந்தப் பக்கத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. இதை ஏன் மளிகைக் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். ஆர்டர் எங்கே தொலைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இந்த வாயிலில்தான் தொலைகிறது. தொலைந்தால் நஷ்டம் நமக்கு.

இந்தத் தொல்லை புதிதன்று. இன்றைக்கு ஈ-மெயில் யாரிடமிருந்தும் யாருக்கும் போகிறது. எந்தக் கம்பெனி முகவரி என்று பார்ப்பதில்லை. 1980-களில் நிலைமை வேறு. அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் சந்தாதாரர் இன்னொரு கம்ப்யூசர்வ் சந்தாதாரருக்கு எழுதலாம், எம்.சி.ஐ. மெயில் வைத்திருப்பவருக்கு அது எம்.சி.ஐ. மெயில் உலகம். பல்கலைக்கழகங்களுக்கு இன்டர்நெட், பிட்நெட் என்று தனி வலைகள். 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் தொடங்கிய ஃபிடோநெட்டில், வீடுகளில் இருந்த சிறு கம்ப்யூட்டர்கள் இரவில் டெலிபோன் கட்டணம் குறைகிற நேரம் பார்த்து ஒன்றையொன்று கூப்பிட்டுக் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டன. எஸ்.டி.டி. கட்டணம் குறையட்டும் என்று இரவுவரை காத்திருந்து பம்பாய்க்கும் டெல்லிக்கும் பேசிய நம்மவர்களுக்கு இந்தச் சிக்கனம் நன்றாகவே புரியும்.

அரசாங்கத் தொலைபேசி இலாகாக்கள் கூடி, அதே 1984-இல் எக்ஸ்.400 என்று ஒரு பெரிய முறையை வகுத்தன. அதில் முகவரி எழுதுவது வருமான வரி படிவம் நிரப்புவது மாதிரி. நாடு, சேவை நடத்தும் நிர்வாகம், நிறுவனம், குடும்பப்பெயர், இடுபெயர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் என்று எதைப் போடுவது? நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். நடத்திய மின்கடித சேவை இந்த முறையில்தான் இருந்தது.

1989-இல் சுவர்களில் இரண்டு வாசல்கள் திறந்தன. எம்.சி.ஐ. மெயிலை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான வின்டன் செர்ஃப், பிறகு வேறொரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது அரசாங்க அனுமதி வாங்கி, எம்.சி.ஐ. மெயிலுக்கும் இன்டர்நெட்டுக்கும் இணைப்பு ஏற்படுத்தினார். அதே ஆண்டு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் கம்ப்யூசர்வும் இணைந்தது. இதில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது, யாரும் தம் கடையை மூடிவிட்டு ஒரே கடையாகச் சேரவில்லை என்பதுதான். அவரவர் முறை அவரவரிடமே இருந்தது. நடுவில் வாயில் மட்டும் வந்தது. அதன் பிறகு, எந்தக் கம்பெனியில் சந்தா கட்டினாலும் யாருக்கும் எழுதலாம் என்ற நிலை மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

வாயிலுக்குள் என்ன நடக்கிறது? மீட்டர்கேஜும் பிராட்கேஜும் சந்தித்த ரயில்வே ஸ்டேஷன்களின் சரக்குக் கொட்டகைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம், மற்றது ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வாகன் தாண்டிப் போகாது. மூட்டைகளை இறக்கி, மறுபக்கம் நிற்கும் வாகனில் ஏற்ற வேண்டும். 1992 முதல் ரயில்வே எல்லாவற்றையும் ஒரே அகலமாக மாற்றத் தொடங்கும்வரை நமது சரக்கு இப்படித்தான் வந்தது. கொக்கி பட்டுக் கிழிந்த மூட்டை, மார்க்கா அழிந்த மூட்டை, ஒருவர் சரக்கு இன்னொருவர் வாகனில் ஏறிய கதை, எல்லாம் மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். சேதம் ஓடும் வண்டியில் ஆனதைவிடக் கொட்டகையில் ஆனதே அதிகம். கடிதங்களுக்கும் இதுதான் நடந்தது.

முதலில் மார்க்கா, அதாவது முகவரி. 1971-இல் ரே டாம்லின்சன் என்ற என்ஜினீயர் ஆளின் பெயருக்கும் கம்ப்யூட்டரின் பெயருக்கும் நடுவே @ குறியை வைத்தார். அது நம்முடைய குறி! “10 மூட்டை @ 450” என்று பில்லில் விலை போட நாம் காலங்காலமாக எழுதியது. கேட்வேகள் வந்த காலத்தில் நமது % குறியையும் எடுத்துக்கொண்டார்கள். ‘இன்னார் % இன்ன கம்ப்யூட்டர் @ இன்ன வாயில்’ என்று எழுதினால், கடிதம் முதலில் வாயிலுக்குப் போய், அங்கிருந்து உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூசர்வ் முகவரியோ பெயரே இல்லாத எண். சில இலக்கங்கள், நடுவில் ஒரு கமா, மறுபடி சில இலக்கங்கள். இன்டர்நெட் முகவரியில் கமா வந்தால் அது இரண்டு முகவரிகளைப் பிரிக்கும் குறி என்று பொருள். ஆகவே வெளியிலிருந்து எழுதுகிறவர் கமாவுக்குப் பதில் புள்ளி வைக்க வேண்டும். வாயில் அதை மீண்டும் கமாவாக மாற்றிக்கொள்ளும். தெரியாமல் கமாவே வைத்து எழுதினால் கடிதம் போய்ச் சேராது.

அடுத்தது மூட்டைக்குள் இருக்கும் சரக்கு. டெலக்ஸ் மெஷினுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வித்தியாசம் கிடையாது. @ குறியும் கிடையாது. ஒரு வரிக்கு 69 எழுத்துதான். எங்கள் கடையில் 1994 வாக்கில் ஒரு தனியார் மின்கடித சேவைக்குச் சந்தா கட்டியிருந்தோம். கம்ப்யூட்டரில் டைப் செய்தால், எதிர்த்தரப்பில் டெலக்ஸ் மெஷினிலேயே வந்துவிடும் என்று சொல்லி விற்றார்கள். வந்தது உண்மைதான். மஞ்சள் விலைப் பட்டியலை நீளமான வரிகளில், விரலி ஒரு பத்தி, கிழங்கு ஒரு பத்தி என்று அழகாக அமைத்து அனுப்பினோம். வாயில் அதை 69 எழுத்துக்கு ஒரு வரியாக ஒடித்துவிட்டது. விரலிக்கு நேராகக் கிழங்கு விலை போய் உட்கார்ந்துகொண்டது. சிங்கப்பூர் பார்ட்டி அந்த விலைக்கே விரலியை ஒப்புக்கொண்டு பதில் போட்டார். அவர் மேல் குற்றமில்லை, தாளில் இருந்ததைப் படித்தார். சேவைக் கம்பெனியைக் கேட்டால், “எங்கள் பக்கம் எல்லாம் சரியாகப் போயிருக்கிறது” என்றார்கள். கடைசியில் வித்தியாசத்தை எங்களிருவருக்குள் பாதிக்குப் பாதி ஏற்றுக்கொண்டு தீர்த்தோம். இன்றைக்கும் அவர் நமது பார்ட்டி.

தமிழுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். பழைய அஞ்சல் வழிகள் ஓர் எழுத்துக்கு ஏழு புள்ளிகள், அதாவது ஏழு ‘பிட்’ மட்டுமே சுமக்கும்படி அமைந்தவை. ஆங்கிலத்துக்கு அது போதும். நமது தமிழ் எழுத்துருக்களுக்கு எட்டாவது பிட் வேண்டும். வழியில் ஒரு வாயில் அந்த எட்டாவதை வெட்டிவிட்டால், அந்தப் பக்கம் போய்ச் சேர்வது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. போதாக்குறைக்கு ஆளுக்கோர் எழுத்துரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு பொது முறைகளை வகுத்தார்கள். பிறகு யூனிகோட் பரவிய பின்னரே, கேரளத்துக் கடைக்காரரின் போனிலும் நம் தமிழ் தமிழாகத் தெரிகிறது.

மூன்றாவது, சுற்றிச் சுற்றி வருதல். ஒரு கடையில் முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்று தானே பதில் போடும் ஏற்பாடு இருக்கும். எதிர்க்கடையிலும் அப்படியே இருக்கும். இவர் போட்ட பதிலுக்கு அவர் பதில், அதற்கு இவர் பதில் என்று ராத்திரி முழுவதும் இரண்டு மெஷின்களும் பேசிக்கொண்டே இருந்தால் காலையில் பெட்டி நிரம்பி, உண்மையான ஆர்டர் உள்ளே வர இடமிருக்காது. இதைத் தடுக்கத்தான், கடிதம் கடக்கும் ஒவ்வொரு நிலையமும் அதன் தலையில் ஒரு முத்திரை வரி போட வேண்டும் என்று வைத்தார்கள். முத்திரைகள் அளவுக்கு மேல் போனால், கடிதம் சுற்றுகிறது என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடும். ‘போய்ச் சேரவில்லை’ என்று திரும்பி வரும் தகவல் கடிதத்தில் அனுப்புநர் முகவரியைக் காலியாக விட வேண்டும் என்பதும் இதற்காகவே. காலி முகவரிக்கு யாரும் பதில் போட முடியாதல்லவா?

இவ்வளவு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. ஈ-மெயில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் ஒரு முகவரி வைத்தே தீர வேண்டும் என்று 1982-லேயே எழுதிவைத்தார்கள். கடிதம் காணாமற்போனால் அந்த முகவரிக்கு எழுதிக் கேட்கலாம். ஒரு மனிதர் பார்ப்பார். இன்று நமக்கு ஆப் கொடுக்கும் கம்பெனிகளில் இப்படி ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். ஆர்டர் போகவில்லை என்றால் சேல்ஸ்மேன் “ஆபீஸில் கேளுங்கள்” என்கிறார். ஆபீஸ் நம்பரில் ஒரு பதிவுக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது.

இன்றைய ஈ-மெயில் வாயில்களில் வேறொரு சிக்கல் சேர்ந்துள்ளது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், நமது உறுப்பினர்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள். கடைப் பெயரில் ஒரு முகவரி வைத்துக்கொண்டு, அதற்கு வரும் கடிதங்கள் தானாகவே மகனுடைய இலவச முகவரிக்குப் போகும்படி செய்து வைக்கிறோம். இதுவும் ஒரு சின்ன வாயில்தான். மோசடிக் கடிதங்களைத் தடுக்க, ஒவ்வொரு நிறுவனமும் ‘என் கடிதங்கள் இன்னின்ன மெஷினிலிருந்துதான் வரும்’ என்று பகிரங்கமாக ஒரு பட்டியல் போட்டுவைக்கிறது. பெறுகிறவர் அந்தப் பட்டியலைப் பார்த்தே உள்ளே விடுகிறார். இடையில் நமது வாயில் புகுந்து கடிதத்தை மாற்றி அனுப்பும்போது, அது பட்டியலில் இல்லாத மெஷினிலிருந்து வருகிறது. இ-வே பில்லில் ஒரு லாரி நம்பர் இருக்க, வழியில் சரக்கை வேறு லாரிக்கு மாற்றிவிட்டு, பகுதி ‘பி’யில் நம்பரைத் திருத்தாமல் போனால் அதிகாரி என்ன செய்வார்? அதையேதான் மெஷினும் செய்கிறது. கடிதத்தை நிறுத்துகிறது, அல்லது குப்பைப் பெட்டியில் தள்ளுகிறது.

இதற்கு மாற்றாகக் கடிதத்தின் மேலேயே அரக்கு முத்திரை மாதிரி ஒரு மின் முத்திரை குத்தும் முறை உண்டு. எந்த லாரியில் வந்தாலும் முத்திரை உடையாமல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் நமது வாயில் கடிதத்தின் அடியில் கடை விளம்பரம் ஒரு வரி சேர்த்தாலும் முத்திரை உடைந்துவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும், பெருமளவில் கடிதங்கள் அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பட்டியலும் முத்திரையும் இரண்டுமே கட்டாயம் என்று ஆக்கிவிட்டன. சிறியவர்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை என்றாலும், சோதனை எல்லாருக்கும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்கு ஒரு கல்லூரி ஆஸ்டல் அனுப்பிய உளுந்து, புழுங்கல் அரிசி ஆர்டர் இப்படித்தான் குப்பைப் பெட்டியில் ஐந்து நாள் கிடந்தது. ஆறாம் நாள் ஆஸ்டல்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். ஏற்பாடு செய்து கொடுத்த கம்ப்யூட்டர் நிறுவனம், ‘உங்கள் பெட்டிக்கு வந்திருக்கிறதே’ என்று காட்டிவிட்டு வருடச் சந்தாவுக்கும் பில் கொடுத்தது.

ஆகவே, இத்தகைய ஏற்பாட்டைச் செய்து கொடுக்க யாரேனும் வந்தால், விலை பேசுவதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். போகாத கடிதம் திரும்பி யாரிடம் வரும்? எந்தக் கடிதம் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்ற பதிவேடு எத்தனை நாள் இருக்கும்? அதை நமக்குக் காட்டுவார்களா? லாரி புக்கிங் ஆபீஸில்கூட இந்த அளவுக்கு ரிஜிஸ்டர் வைத்திருக்கிறார்கள். ஈ-மெயிலில் வரும் ஆர்டரை வாட்ஸ்அப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மாற்றித் தருவதாகச் சொன்னால், நீளமான ஆர்டர் எங்கே வெட்டுப்படும் என்று ஒரு நாற்பது அயிட்டம் ஆர்டரை அனுப்பி, நேரில் சோதித்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்ப்பதைக் கணக்குப்பிள்ளையின் வேலையாக்குங்கள். இவ்வளவுதான் நிர்வாகம். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஈ-மெயிலில் இருந்த சுவர்களை 1980-களில் இடிக்கத் தொடங்கினார்கள். ஆப் என்ற பெயரில் அதே சுவர்கள் நமது கல்லாப்பெட்டிக்கு முன்னால் மறுபடி எழும்பியிருக்கின்றன. ஒரு சில்லரைக் கடைக்காரர் பத்துக் கம்பெனிச் சரக்கு வைத்திருந்தால் பத்து ஆப். பத்துப் பாஸ்வேர்டு. கடையின் கொள்முதல் கணக்கு முழுவதும் ஓரிடத்தில் இருப்பதில்லை. துண்டு துண்டாகக் கம்பெனிகளிடம் இருக்கிறது. நாளை ஒரு கம்பெனியோடு பிணக்கு வந்து ஆப்பை மூடிவிட்டால், நாம் என்ன வாங்கினோம் என்பதையே அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இணைப்பது சாத்தியமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2016-இல் யு.பி.ஐ. வந்தது. வாடிக்கையாளர் ஒரு கம்பெனி ஆப்பில் ஸ்கேன் செய்கிறார். நமக்கு வேறு கம்பெனி ஆப்பில், வேறு பேங்கில் பணம் வந்து விழுகிறது. பணமே இப்படித் தாண்டிப் போகும்போது, “பாமாயில் 20 டின், ரவை 5 மூட்டை” என்ற நான்கு வார்த்தை தாண்டிப் போகாதா? ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸைப் பாருங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் வரை வந்துவிட்டது. யார் எந்தக் கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் பில் ஒரே அமைப்பில்தான் போக வேண்டும் என்று அரசு சொன்னது. எல்லாச் சாஃப்ட்வேர்க்காரர்களும் செய்து கொடுத்தார்கள். வரி வசூல் என்றால் முடிகிறது. 2021 டிசம்பரில் பதிவான ஓ.என்.டி.சி.யின் எண்ணமும், வாங்குகிறவர் ஒரு ஆப்பிலும் விற்கிறவர் வேறு ஆப்பிலும் இருந்து வியாபாரம் நடக்க வேண்டும் என்பதே. அந்த எண்ணத்தை, கடைக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையிலான கொள்முதலிலும் நடைமுறையாக்கச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி, மிகப் பெரிய செய்தி ஆப்கள், கேட்கிற சிறிய ஆப்களுக்கும் வாசல் திறந்துவிட வேண்டும். 2024 மார்ச் முதல் அந்தக் கடமை அவர்கள் மேல் இருக்கிறது.

கம்பெனிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு முறைகளுக்கு நடுவே வாயில் வைத்தால், பெரும்பாலும் அங்கே கடிதத்தைப் பிரித்துத்தான் மாற்ற முடியும். பூட்டி அனுப்பிய கடிதத்தை நடுவில் ஒருவர் பிரிக்கிறார் என்றால் ரகசியம் போகும். நமது கொள்முதல் விலை எதிர்க்கடைக்குத் தெரிந்தால் நமக்கும் நல்லதில்லை. அதனால்தான் கொட்டகை யார் கையில் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. ஒரு கம்பெனியின் கையிலோ, நாளைக்கு விற்றுவிட்டுப் போகும் இடைத்தரகர் கையிலோ இருக்கக் கூடாது. பேங்குகள் பலவும் சேர்ந்து பங்கு போட்டு நடத்தும் நிறுவனம் யு.பி.ஐ.யை நடத்துவதுபோல, இதற்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும். அதில் வணிகர் சங்கங்களுக்கு இடம் வேண்டும்.

முகவரி விஷயமும் ஒன்று. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் கொண்டுவந்த பிறகு, நம்மில் சிலர் பெருமையாக லெட்டர்ஹெட்டில் அச்சடித்த ‘ஜியாஸ்எம்டி01’ என்ற முகவரிகள் நினைவிருக்கலாம். 2002-இல் அந்த நிறுவனம் டாட்டா வசமாகி, 2008-இல் பெயரும் மாறியது. லெட்டர்ஹெட்டில் அந்த முகவரிக்கு இன்று வேலையில்லை. இலவசமாகக் கிடைத்த முகவரியும் இப்படித்தான், கொடுத்தவர் கடை மூடும்வரை நமது. சொந்தப் பெயரில் முகவரி வாங்கிவிட்டால், எந்தக் கம்பெனியின் மெஷினுக்கு மாறினாலும் பெயர் நம்மோடு வரும். கடையை வேறு தெருவுக்கு மாற்றினாலும் போர்டைக் கழற்றிக்கொண்டு போகிறோமே, அதுபோல. தனித்தனியாக வாங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சங்கமே ஒரு பெயர் பதிவு செய்து, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அதன்கீழ் ஒரு முகவரி கொடுக்கலாம். அதற்கு ஒரு போஸ்ட்மாஸ்டரும் நியமிக்க வேண்டும். சம்பளம் கொடுத்துத்தான், கௌரவப் பதவி என்றால் பதில் வராது.

வருகிற பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்மொழிய எண்ணியுள்ளேன். ஒன்று, உறுப்பினர்களுக்கான பொது ஈ-மெயில் ஏற்பாடு. மற்றொன்று, நமக்குச் சரக்கு தரும் கம்பெனிகள் தங்கள் ஆப் ஆர்டர்களை ஒரு பொது அமைப்பில், எந்த ஆப்பிலிருந்தும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கோரி மத்திய வர்த்தக அமைச்சகத்துக்கு மனு. அதற்கு ஆதாரம் வேண்டியிருக்கிறது. உங்கள் கடையில் எத்தனை ஆப்கள் உள்ளன, எந்தெந்த ஆர்டர் எந்தத் தேதியில் போய்ச் சேராமல் நின்றது, யாரைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கடை முத்திரையும் கையொப்பமும் அவசியம்.